கைநாட்டு

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வர முடியல மக்களே. ஆபீஸ்ல ஆணி ஓவர். அதோட ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருந்தாங்க. வந்தவங்களைப் பார்த்துக்கிட்டதைவிட அவங்க என்னைப் பார்த்துக்கிட்டதுதான் அதிகம். நாலு மாசம் சாம்பார் சாதம், ரசம், கூட்டுன்னு சாப்பிட்டு ஜீன்ஸ் பட்டன் மாட்ட முடியாம போன சோகம் தனிப் பதிவா வரும் :-)

இது வேற கதை. 2025 ஜனவரியில நடந்தது. எழுதலாமா வேணாமான்னு யோசிச்சு யோசிச்சு இப்பதான் தட்டுறேன்.

அம்மாவுக்கு ஹூஸ்டன் பிடிச்சுப்போச்சு. கோயில் இருக்கு, மளிகைக் கடையில முருங்கைக்காய் கிடைக்குது, பக்கத்து அபார்ட்மென்ட் ஆந்திரா ஆன்ட்டி சீரியல் கதை பேச இருக்காங்க. அப்பாதான் பாவம். அஞ்சல் துறையில 34 வருஷம் வேலை பார்த்துட்டு, வேதாரண்யம் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல சப் போஸ்ட்மாஸ்டரா ரிட்டயர் ஆனவர். காலையில எழுந்து சட்டை போட்டுக்கிட்டு சோபாவுல உட்கார்ந்தா, சாயங்காலம் அதே சட்டையோட அதே சோபா. அபார்ட்மென்ட் வாசல்ல தபால் வண்டி வர்ற நேரம் மட்டும் ஜன்னல்கிட்ட போய் நிப்பார். "இங்க ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கே?"ன்னு கேட்டார் ஒரு நாள். அமெரிக்காவுல மூணு வருஷமா இருக்கேன், நான் அதைக் கவனிச்சதே இல்ல. வண்டியை விட்டு இறங்காமலே பெட்டியில கடிதம் போடுறதுக்காக அப்படி வச்சிருக்காங்களாம்.

அவரை வெளியில இழுக்க என்ன செய்யலாம்னு மண்டையைப் பிச்சுக்கிட்டு இருந்தப்பதான் லெட்டர்பாக்ஸிங் ஞாபகம் வந்தது.

லெட்டர்பாக்ஸிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். (தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்குத் தாவிடுங்க.) யாரோ ஒருத்தர் காட்டுலயோ பூங்காவுலயோ ஒரு சின்ன டப்பாவை ஒளிச்சு வச்சிருப்பார். உள்ள ஒரு ரப்பர் முத்திரை, ஒரு நோட்டு. எங்க இருக்குன்னு விடுகதை மாதிரி குறிப்பு கொடுத்திருப்பார். நாம தேடிக் கண்டுபிடிச்சு, நம்ம முத்திரையை அந்த நோட்டுல குத்தணும், அந்த முத்திரையை நம்ம நோட்டுல குத்திக்கணும். மறுபடி அப்படியே ஒளிச்சு வச்சுட்டு நடையைக் கட்டணும். பரிசு, பணம், ஒண்ணும் கிடையாது. 2000-த்துல ஜிபிஎஸ் துல்லியமானதும் கிளம்பின ஜியோகேச்சிங்குக்கு இது பெரியப்பா முறை. இதுக்கு சாட்டிலைட் வேணாம், ஒரு திசைகாட்டியும் பொறுமையும் போதும்.

அப்பாகிட்ட இதைச் சொன்னேன். "வெட்டி வேலை"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டார். நானும் விடாம ஆரம்பக் கதையைச் சொன்னேன். இங்கிலாந்துல டார்ட்மூர்னு ஒரு சதுப்பு மேடு. 1854-ல ஜேம்ஸ் பெரட்ங்கிற வழிகாட்டி, கிரான்மியர் பூல்ங்கிற இடத்துல ஒரு பாட்டிலை வச்சார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவங்க தங்களோட விசிட்டிங் கார்டை அதுல போட்டுட்டுப் போவாங்க. பிறகு விலாசம் எழுதின போஸ்ட் கார்டு, கடிதம்னு விட்டுட்டு வர ஆரம்பிச்சாங்க. அடுத்து அங்க வர்ற ஆள் அதை எடுத்துட்டுப் போய் தன் ஊர்ல தபால்ல சேர்ப்பார். லெட்டர்பாக்ஸிங்னு பேர் வந்ததே அதனாலதான்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முன்ன பின்ன தெரியாத ஆளு எடுத்துட்டுப் போயி போஸ்ட் பண்ணுவானா?"

"ஆமாப்பா."

"போயி சேர்ந்துச்சாமா?"

"சேர்ந்திருக்கும் போல. இல்லன்னா அந்தப் பழக்கம் நீடிச்சிருக்காதுல்ல."

"ம்ம்" என்றார். அந்த 'ம்ம்' போதும் எனக்கு. சனிக்கிழமை கிளம்புறதுன்னு முடிவாச்சு.

இந்த இடத்துல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2014-லேர்ந்து 2018 வரைக்கும் கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங். ஹாஸ்டல். எல்லார் கையிலயும் செல்போன். ஆனாலும் எனக்கு மட்டும் மாசாமாசம் ஊர்லேர்ந்து இன்லேண்ட் லெட்டர் வரும். நீலக் கலர், ரெண்டரை ரூபா. ஊர்ல மழை, கரண்ட் பில், யார் வீட்டுல கல்யாணம், யார் தவறிட்டாங்க, நீ நேரத்துக்குச் சாப்பிடு. இதான் மேட்டர். ஒட்டுற மடிப்புலகூட இடம் விடாம எழுதியிருப்பார். "உங்கப்பாவுக்கு வாட்ஸ்அப் தெரியாதாடா?"ன்னு ரூம்மேட்ஸ் ஓட்டுவானுங்க. எனக்கு மானம் போகும். ஞாயித்துக்கிழமை போன்ல "லெட்டர் வந்துச்சா தம்பி?"ம்பார். "வந்துச்சுப்பா" என்பேன். நாலு வருஷத்துல நான் எழுதின பதில் அந்த ஒரு வார்த்தைதான். கடைசி செமஸ்டர் முடிஞ்சு ஹாஸ்டல் காலி பண்ணும்போது, ரெக்கார்டு நோட்டுங்களோட சேர்த்து எல்லாக் கடிதத்தையும் பழைய பேப்பர்காரர்கிட்ட எடைக்குப் போட்டேன். ரெண்டு மூணு பிரிக்காமலே கிடந்தது.

அதே வருஷம் நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்க பக்கம் கரையைக் கடந்தது. நான் சென்னையில, வேலைக்குச் சேர்ந்து அஞ்சு மாசம். அப்பா நம்பர் போகல, அம்மா நம்பர் போகல, ஊர்ல ஒருத்தர் நம்பரும் போகல. ரெண்டு நாள் பார்த்துட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் தென்னை மரம் குறுக்க கிடந்தது. பஸ், லாரி, பைக்னு மாறி மாறி வீடு போய்ச் சேர்ந்தா, ரெண்டு பேரும் ஓடு போன கூரைக்கு தார்ப்பாய் கட்டிக்கிட்டு இருக்காங்க. ஒரு வாரம் இருந்துட்டு சென்னை திரும்பினேன். ரூம் கதவுக்குக் கீழ ஒரு போஸ்ட் கார்டு கிடந்தது. புயல் அடிச்ச மறுநாள் அப்பா எழுதி, திருவாரூர் பக்கம் போன யார்கிட்டயோ கொடுத்து, தபால் ஓடுற ஊர்ல பெட்டியில போடச் சொல்லியிருக்கார். ரெண்டே வரி: "நாங்கள் நலம். மாமரம் விழுந்துவிட்டது."

நேர்ல பார்த்துட்டு வந்த சேதிதான். தகவலா அந்தக் கார்டால ஒரு உபயோகமும் இல்ல. ஆனா அதைத் தூக்கிப் போட முடியல. பாஸ்போர்ட் கவருக்குள்ள இன்னமும் இருக்கு. அதுக்கும் நான் பதில் போடல.

கொசுவத்தி ஓவர்.

வெள்ளிக்கிழமை ராத்திரி எங்களுக்கு ஒரு முத்திரை செய்ய உட்கார்ந்தேன். பெரிய ரப்பர் அழிப்பான் ஒண்ணு, செதுக்குற கத்தி ஒண்ணு. தமிழ்ப் பற்று பொங்க 'ழ' செதுக்கினேன். மையில தொட்டு குத்திப் பார்த்தா, அது எந்த மொழி எழுத்துன்னு எனக்கே தெரியல. அவ்வ்வ்! இடம் வலம் மாத்திச் செதுக்கணும்ங்கிறது மண்டையில உறைக்கவே இல்ல. படிச்சது இன்ஜினியரிங்!

அப்பா சிரிச்சார். வந்து ரெண்டரை மாசத்துல முதல் சிரிப்பு. அழிப்பானைத் திருப்பி பென்சிலால தலைகீழ் 'ழ' ஒண்ணு போட்டார், யோசிக்காம. "தினம் காலையில ஆபீஸ் தொறந்ததும் முத்திரையில தேதி மாத்தணும்ல. துக்கினியூண்டு எழுத்து, எல்லாம் கண்ணாடியில பார்க்குற மாதிரி இருக்கும். மாத்திட்டு ஒரு நோட்டுல குத்திப் பார்த்துட்டுதான் மத்த வேலை. தேதி தப்பாப் போனா நம்ம தலை உருளும்" என்றார். அவர் வேலையைப் பத்தி இவ்வளவு நீளமா என்கிட்ட பேசினது அன்னைக்குதான். நானும் கேட்டதில்லையே.

சனிக்கிழமை இருட்டோட கிளம்பி, புளியோதரையோட தெற்கே மூணரை மணி நேரம். ராக்போர்ட்டுக்குப் பக்கத்துல லாமர்ங்கிற இடம். அங்கதான் கூஸ் ஐலண்ட் ஸ்டேட் பார்க். சுத்தி விரிகுடா, சதுப்பு, நாணல். பறவை பார்க்குறவங்களுக்குச் சொர்க்கம். ஊருக்குள்ள திரும்பினதும் அப்பா கண்ணாடியை இறக்கி மூச்சை இழுத்தார். "நம்ம கோடிக்கரை வாசனை" என்றார். உப்பும் சேறும் கலந்த வாசனை. எங்க ஊர்லேர்ந்து கோடிக்கரை போய் பூநாரை பார்த்த நாளெல்லாம் எனக்கும் ஞாபகம் வந்தது.

பார்க்கோட பிரதான பகுதியிலேர்ந்து கொஞ்சம் தள்ளித் தனியா நிக்குது 'பிக் ட்ரீ'. கருவாலி மரம். இங்க லைவ் ஓக்னு சொல்வாங்க, குளிர்காலத்துலயும் பச்சை போகாத ஜாதி. வயசு ஆயிரத்துக்கு மேலன்னு கணக்கு. அடிமரச் சுற்றளவு சுமார் 35 அடி, உயரம் 44 அடி, கிளைப் பரப்பு 89 அடி. உயரத்தைவிட ரெண்டு மடங்கு அகலம். சுத்தி வேலி போட்டு வச்சிருக்காங்க. கிளைங்க எல்லாம் தரையைத் தொட்டுடுவேன்னு பயமுறுத்துற மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு கிடக்கு.

"இவ்வளவு பெரிய மரத்துக்கு ஒரு மஞ்சத் துணி கூட கட்டாம விட்டிருக்காங்களே"ன்னு அம்மா கவலைப்பட்டாங்க.

"தஞ்சாவூர் பெரிய கோயில் 1010-ல முடிஞ்சது. அப்பவே இது செடியா இருந்திருக்கும்"னு அப்பா கணக்குப் போட்டார்.

2017 ஆகஸ்ட் 25 ராத்திரி ஹார்வி புயல் இந்த ஊருக்குப் பக்கத்துலதான் கரையேறுச்சு. நாலாம் ரகப் புயல், மணிக்கு 210 கிலோமீட்டர் வேகக் காத்து. ராக்போர்ட்டுல வீடெல்லாம் பிய்ஞ்சு போச்சு. இந்தப் பூங்காவும் அடி வாங்குச்சு. பக்கத்துல சின்ன மரங்கள் சாய்ஞ்சது. இந்தக் கிழவி மட்டும் அசையல. இதைச் சொன்னதும் அப்பா வேலியோரமா மரத்தை ஒரு சுத்து சுத்தி வந்தார்.

"தாழ்வா, அகலமா இருக்கு பாரு. காத்துக்குத் தலையைக் கொடுக்கல. நம்ம மாமரம் நெட்டுக்குத்தா வளர்ந்துடுச்சு." அப்புறம் சாதாரணமா கேட்டார், "மாமரத்தைப் பத்தி எழுதியிருந்தேனே, படிச்சியா?"

"கஜாவுக்கு அப்புறம் போட்ட கார்டுதானப்பா? வச்சிருக்கேன்."

"அது இல்ல. அதுக்கு முந்தி, நீ ரெண்டாவது வருஷம் படிக்கிறப்ப."

எனக்குத் தொண்டை அடைச்சது. அந்த ரெண்டு மூணு கடிதத்துல ஒண்ணு.

பொய் சொல்லியிருக்கலாம். 'ஆமாப்பா'ன்னு ஒரு வார்த்தை. பழக்கமான வார்த்தைதான். சொல்லல. "சிலதை நான் பிரிக்கவே இல்லப்பா. ஹாஸ்டல் காலி பண்ணும்போது எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டேன்."

அவர் மரத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார். "போட்டது தெரியும். உன் பொட்டியை அம்மாதான பிரிச்சு அடுக்குனா, ஒரு லெட்டர்கூட இல்லன்னா. பிரிக்காதது தெரியாது."

அவ்வளவுதான். திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அம்மாவுக்கு நடந்தது எதுவும் காதுல விழல. "பொட்டியைத் தேட வேணாமா? மணி ஆகுதுடா"ன்னு கூப்பிட்டாங்க.

குறிப்பை இங்க சொல்ல மாட்டேன், அது தர்மம் இல்ல. மரத்துலேர்ந்து ஒரு திசை, இத்தனை அடி, ரெட்டையா பிரிஞ்ச ஒரு சின்ன கருவாலி, அதோட வேர். இவ்வளவுதான். இந்தப் பக்கத்துச் சின்ன மரமெல்லாம் கடல் காத்துல ஒரே பக்கமா சாய்ஞ்சு, தலைவாரி விட்ட மாதிரி நிக்குது. அதுல எது ரெட்டைன்னு கண்டுபிடிக்கவே அரை மணி நேரம். நான் பொந்துல கையை விடப் போனேன். "ஏய், கையை எடு! குச்சி எடுத்துட்டு வா"ன்னு அப்பா அதட்டினார். டெக்சாஸ்ல பாம்பு இருக்கும்னு அவருக்கு யாரும் சொல்லித்தரல. குச்சியால சருகை ஒதுக்கினார். பிளாஸ்டிக் டப்பா தெரிஞ்சது.

உள்ள ஜிப்லாக் கவர், நோட்டு, கொக்கு படம் செதுக்கின முத்திரை. நோட்டுல பத்து முப்பது பக்கம் நிறைஞ்சிருந்தது. ஆமை முத்திரை, பூட்ஸ் முத்திரை, குழந்தை கிறுக்கினது. தேதி, ஊர், ஒரு வரி, ரெண்டு வரி. 'மழை பெய்தது, ஆனாலும் வந்தோம்'ங்கிற மாதிரி. அப்பா மூக்குக் கண்ணாடியை மாத்திக்கிட்டு ஒவ்வொரு பக்கமா பார்த்தார், என்னமோ இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் மாதிரி.

"இதுக்கெல்லாம் யாரு பதில் போடுவா?"

"யாரும் போட மாட்டாங்கப்பா."

"அப்புறம் எதுக்கு எழுதுறாங்க?"

எனக்குப் பதில் தெரியல. "அடுத்து வர்றவங்க படிப்பாங்கன்னுதான்."

அவர் நோட்டை மூடாம வச்சிருந்தார். அப்புறம் சொன்னார்: "ஒண்ணுமில்ல தம்பி. அந்த வருஷம் மரம் முதத் தடவை நல்லாக் காய்ச்சுது. லீவுக்கு வா, பழுக்க வச்சிருக்கேன்னு எழுதியிருந்தேன். நீ ஏதோ பிராஜக்ட்னு வரல. அதான் கேட்டேன்."

அந்த லீவுல நான் வராததுக்குக் காரணம் பிராஜக்ட் இல்ல, ஊட்டி டூர். அதையும் சொல்லிட்டேன். ஒரேடியா தீரட்டும்னு. "போட்டோ பார்த்தேன்" என்றார். ஃபேஸ்புக் போட்டோவை யாரோ காட்டியிருக்காங்க!

முத்திரை குத்தும் படலம். நான் மையை அப்பிக் குத்தினா திட்டுத் திட்டா வரும்னு பிடுங்கிக்கிட்டார். மையில லேசா ஒத்தி, பேப்பர்ல நேரா வச்சு, மணிக்கட்டால ஒரே ஒரு தட்டு. 'ழ' கண்ணாடி மாதிரி விழுந்தது. 34 வருஷக் கை.

"எனக்கு?" என்றாங்க அம்மா. முத்திரை இல்லாதவங்க கட்டைவிரல் ரேகை வைக்கலாம், அது இந்த விளையாட்டுல வழக்கம்தான்னு சொன்னேன். அம்மா சந்தோஷமா விரலை மையில தொட்டு வச்சாங்க. அப்பா உடனே, "கைநாட்டுன்னா சாட்சிக் கையெழுத்து வேணும். இல்லன்னா செல்லாது"ன்னு சொல்லிட்டு, பக்கத்துலேயே தேதியோட தமிழ்ல கையெழுத்துப் போட்டார். பணம் வாங்க வர்ற எத்தனை பாட்டிங்களுக்குப் போட்டிருப்பாரோ. அதுக்குக் கீழ ரெண்டு வரி எழுதினார்:

"மூவரும் வந்தோம். மரம் நலம்."

நான் டப்பாவை மூடுற சாக்குல குனிஞ்சுக்கிட்டேன்.

திரும்பும்போது பக்கத்து வயல்ல ஆள் உயரத்துக்கு வெள்ளையா மூணு பேர் நின்னுக்கிட்டு இருந்தாங்க. வூப்பிங் கிரேன். அஞ்சடி உயரக் கொக்கு. ரெண்டு தூய வெள்ளை, ஒண்ணு செம்பழுப்பு திட்டோட, அந்த வருஷத்துக் குஞ்சு. 1941-ல இந்த ஜாதி உலகத்துல மொத்தமே இருபத்திச் சொச்சம்தான் மிச்சம். இப்ப இந்தக் கரைக்கு வர்ற கூட்டம் மட்டும் 500-க்கு மேல. கனடாவுலேர்ந்து 4,000 கிலோமீட்டர் பறந்து குளிர்காலத்துக்கு இங்க வருதுங்க. முதல் தடவை குஞ்சுக்கு அப்பா அம்மாதான் வழி காட்டுமாம். அம்மா அதுங்களுக்குப் புளியோதரை வைக்கலாமான்னு கேட்டாங்க. கூடாதுன்னு சொல்லி இழுத்துட்டு வந்தேன் :-)

ராக்போர்ட்டுல ஒரு கடையில கொக்கு படம் போட்ட போஸ்ட் கார்டு ஒண்ணு வாங்கினேன், அப்பாவுக்குத் தெரியாம. பிப்ரவரியில ரெண்டு பேரையும் ஏர்போர்ட்டுல விட்டுட்டு வந்த ராத்திரி எழுத உட்கார்ந்தேன். தினம் ஆயிரம் வரி கோடு அடிக்கிற கைக்கு நாலு வரி எழுத ஒரு மணி நேரம் ஆச்சு. 'அன்புள்ள அப்பா'வுக்கு அப்புறம் ஒண்ணும் ஓடல. கடைசியில, உங்க கடிதங்களைத் தொலைச்சதுக்கு மன்னிச்சிருங்க, மாமரம் இருந்த இடத்துல ஒரு கன்னு வைங்க, காய்ச்சதும் எழுதுங்க, வர்றேன்னு எழுதினேன். மறுநாள் ஆபீஸ் போற வழியில பெட்டியில போட்டேன்.

மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை போன். நானாதான் கேட்டேன், "கார்டு வந்துச்சாப்பா?"

"வந்துச்சு" என்றார்.

அந்த ஒத்தை வார்த்தையைக் கேட்டுக்கிட்டு இந்தப் பக்கம் இருக்குறது எப்படி இருக்கும்னு அன்னைக்குதான் புரிஞ்சது மக்களே.

கொஞ்சம் கழிச்சு, "பின்கோடுல கடைசி நம்பர் தப்பு. நம்ம ஊர்ப் பேரைப் பார்த்து போஸ்ட்மேன் திருப்பி அனுப்பியிருக்கான்" என்றார். போஸ்ட்மாஸ்டர் மகன், சொந்த ஊர் பின்கோடு தெரியல. தேவைதான் எனக்கு!

அப்புறம் அம்மா போனை வாங்கி, "கொல்லையில குழி வெட்டுறார்டா, என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறார்" என்றாங்க.

பி.கு. 1: யாராவது லெட்டர்பாக்ஸிங் போறதா இருந்தா, டப்பா எடுக்கும்போது யாரும் பார்க்காம பார்த்துக்குங்க, இருந்த மாதிரியே திருப்பி வைங்க. பூங்காவுல புதுசா வைக்கணும்னா அனுமதி வாங்குங்க. முக்கியமா, பொந்துல கையை விடாதீங்க, குச்சி.

பி.கு. 2: பின்னூட்டம் வரலையேன்னு இந்தப் பதிவுக்குப் புலம்ப மாட்டேன். நாலு வருஷம் பதில் வராமலே மாசாமாசம் எழுதின ஒரு மனுஷனைத் தெரியும் எனக்கு.